இரண்டு அங்குலம் கூடுதலான ஏழாவது படி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே இன்று காலை பத்து மணி வரை எல்லோரும் நலம். பத்து மணிக்குப் பிறகு நம் கட்டடத்தின் படிக்கட்டில் யார் யார் ஏறினார்கள் என்று நான் பார்க்கவில்லை, அதனால் அதற்கு மேல் உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை. அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக, முடிந்தவரை தரைத்தளத்திலேயே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் சொன்னால் "பார்க்கலாம்க்கா" என்கிறாய். செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். அதனால்தான் கடிதம். பதிவுத் தபாலில், நீ கையெழுத்துப் போட்டு வாங்கும்படி அனுப்புகிறேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் உட்கார்ந்துகொள்.

அப்பா போய், கட்டடம் நம் இருவர் பெயருக்கும் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. அதற்கு முன்பெல்லாம் வெளியே கிளம்பினால் நான் என்னுடைய இரண்டு கால்களுக்கு மட்டும்தான் பயந்தேன். ஆஸ்பத்திரித் தரை ஈரமாக இருந்தால் சுவரோடு ஒட்டி நடப்பேன், கடைவாசலில் மூடி இல்லாத சாக்கடையைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவேன், எந்தப் புண்ணியவான் கட்டினானோ என்று மனதுக்குள் திட்டுவேன், அதோடு என் கடமை முடிந்துவிடும். இப்போது அந்தப் புண்ணியவான் நான்தான். வாசலுக்குள் நுழைகிற ஒவ்வொருவரின் காலும் என்னைக் கேட்டுக்கொண்டு நுழைவதுபோல் இருக்கிறது. பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்திச் சம்பாதிக்கிறவள் நான். அச்சான பிறகு ஒரு எழுத்துப்பிழை கண்ணில் பட்டாலே மூன்று நாளைக்குச் சோறு இறங்காது. நம்முடைய பிழையோ கான்கிரீட்டில் அச்சாகி இருக்கிறது, அடுத்த பதிப்பும் கிடையாது.

தெருவிலிருந்து முதல் மாடிக்குப் பதினேழு படிகள். அதில் ஏழாவது மட்டும் மற்றவற்றைவிட இரண்டு அங்குலம் உயரம். உனக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இந்த இருபத்திரண்டு வருடமாக யாரும் விழாமல் இருந்ததற்குக் காரணம் படியும் இல்லை, கடவுளும் இல்லை, கீழே கடை வைத்திருக்கிற டெய்லர். அவர் மெஷின் படிக்கட்டுக்கு நேர் அடியில் இருக்கிறது. தலைக்குமேல் காலடிச் சத்தம் கேட்டால் தைத்துக்கொண்டே எண்ணுவார். ஆறாவது காலடி விழுந்ததும் தலையைத் தூக்காமல் "ஏழு" என்பார். பெரியவர்கள் என்றால் "ஏழும்மா", "ஏழுங்கய்யா". இறங்குகிறவர்களுக்குப் பதினொன்றாவது காலடியில். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் இரண்டு கணக்கையும் தனித்தனியாக வைத்துக்கொள்வார். இதை யாரும் அவரிடம் சொன்னதில்லை, அவரும் யாரிடமும் ஒரு நன்றியை எதிர்பார்த்ததில்லை. கட்டடத்தில் இருக்கிற நாங்கள் எல்லோரும் அந்தக் குரலுக்குக் காலைத் தூக்கியே பழகிவிட்டோம்.

போன வாரம் அவர் மேலே வந்து, மார்க்கெட் பக்கம் பெரிய கடை கிடைத்திருக்கிறது, மாதக் கடைசியில் காலி செய்கிறேன் என்றார். சந்தோஷம் என்று வாய் சொன்னது. கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டது.

"அப்ப ஏழு யாரு சொல்றது?" என்று கேட்டேன்.

"வர்றவரு சொல்லட்டும்மா. செல்போன் ரிப்பேர் பண்றவரு. நல்ல மனுஷன்தான், காதுல எப்பவும் ஒயரு மாட்டியிருப்பாரு, அவ்வளவுதான்."

அன்றிலிருந்து நான் செய்தவற்றை வரிசையாகச் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும், சிரித்துக்கொள், ஆனால் முழுசும் படி. முதலில் ஒரு பலகை எழுதி ஏழாவது படிக்கு நேரே சுவரில் மாட்டினேன். "ஏழாவது படி உயரம். கவனமாக ஏறவும். இப்படிக்கு, உரிமையாளர்." வருகிறவர்கள் எல்லோரும் ஆறாவது படியில் நின்று அதைப் படிக்க ஆரம்பித்தார்கள், பின்னால் வருகிறவர்கள் நிற்கிறவர்கள் மேல் மோத ஆரம்பித்தார்கள், முதல் மாடி பிசியோ டாக்டரிடம் முழங்காலைக் காட்ட வந்த ஒரு பெரியவர் கண்ணாடியைத் தேடிப் பையைத் துழாவினதில் கைத்தடியை விட்டுவிட்டார், அது உருண்டுபோய் டெய்லர் கடை வாசலில் நின்றது. டாக்டரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் நிதானமாக, "நீங்க ஏம்மா கவலைப்படறீங்க, உங்க படிக்கட்டுதான் எனக்கு முதல் டெஸ்ட்டு. ஏறி வந்துட்டா பாதி குணம்னு அர்த்தம். ஏற முடியலைன்னா நான் கீழ இறங்கிப் போய்ப் பார்ப்பேன்" என்கிறார். டாக்டர் ஃபீஸில் நம் படிக்கும் பங்கு இருக்கும்போலிருக்கிறது.

பிறகு இரண்டாம் மாடி வக்கீலிடம் போனேன். அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன்.

"படியில யாராவது விழுந்தா யார் சார் பொறுப்பு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குறை இருக்கறது உங்களுக்குத் தெரியாதுன்னா அது ஒரு மாதிரிம்மா. தெரிஞ்சும் சரி பண்ணாம விட்டா அது வேற மாதிரி."

"எனக்குத் தெரியாதுன்னு வச்சுக்குவோமே."

"இப்பத்தானே என்கிட்ட சொன்னீங்க. சுவத்துல வேற எழுதி, உரிமையாளர்னு கையெழுத்துப் போட்ட மாதிரி மாட்டியிருக்கீங்க."

"அப்ப பலகையை எடுத்துடட்டுமா?"

"எடுத்தா, தெரிஞ்சே வச்சு, தெரிஞ்சே எடுத்ததா ஆகும்."

"உங்களைக் கேக்காமலே இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம். நானும் நிம்மதியா இருந்திருப்பேன். நானும் அதே படியிலதானே இறங்கணும்."

அன்றிலிருந்து பலகையை வைக்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டி வைத்தேன். இப்போது எல்லோரும் ஆறாவது படியில் நின்று தேதி பார்க்கிறார்கள்.

உன் அத்தான் தன் பங்குக்கு ஒரு டப்பா மஞ்சள் பெயிண்ட் வாங்கி வந்து ஏழாவது படியின் ஓரத்தில் பட்டையாக அடித்தார். பளிச்சென்றுதான் இருந்தது. அவ்வளவு பளிச்சென்று இருந்ததால் அதை மிதிக்கக் கூடாது என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டு ஆறிலிருந்து எட்டுக்குத் தாவுகிறார்கள். இடுப்பு வலிக்காக வருகிற ஒரு அம்மாள் தாவியதைப் பார்த்த டாக்டர், மூன்று மாதமாக நான் சொல்லிச் செய்யாததை இன்று செய்துவிட்டார்கள் என்று உன் அத்தானுக்குக் கை கொடுத்தார். அத்தானும் கொடுத்தார். நான் மட்டும் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். நேற்று முன்தினம் டெய்லர் புதுக் கடையைப் பார்க்கப் போனார். இரண்டு மணி நேரம் நான் அவர் ஸ்டூலில் உட்கார்ந்தேன். தம்பி, அது சாதாரண வேலை இல்லை. முதலில் வாஷிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள், நம் வீட்டுக்குத்தான். நான் பதற்றத்தில் மூன்றாவது படியிலேயே "ஏழு, ஏழு" என்று கத்திவிட்டேன். முன்னால் போனவர் அங்கேயே மெஷினை இறக்கி வைத்துவிட்டு, "மூணு மாடின்னுதானே சொன்னாங்க, ஏழு மாடியெல்லாம் எங்களால ஆகாதும்மா" என்றார். அவருக்கு விளக்கி, அவர் ஏழாவது படியைப் போய்ப் பார்த்து, "இதைக் கட்டினவன் கையை முதல்ல பாக்கணும்" என்று சொல்லி, மெஷினைத் தூக்கிப் போக அரை மணி ஆயிற்று. கையைப் பற்றி அவர் சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, நீயும் வைத்துக்கொள்ளாதே.

அப்புறம் ஒரு தலைமையாசிரியை வந்தார். ரிட்டயர் ஆனவர், எழுபது இருக்கும், டாக்டரிடம் முதல் தடவையாக வருகிறார். கீழே நின்று என்னைப் பார்த்துச் சிரித்து, "டாக்டர் நல்லாப் பாப்பாராம்மா?" என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். ஏறிக்கொண்டே அவரும் பேசினார், நானும் பேசினேன், முழங்கால், மாத்திரை, அவருடைய மகள் என்று எதையோ பேசினோம். கணக்கு விட்டுப்போயிற்று. அவர் கால் இடித்த சத்தம் கேட்டுத்தான் எனக்கு ஏழு ஞாபகம் வந்தது. விழவில்லை. இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கினார். ஒரு செருப்பு மட்டும் கழன்று, ஒவ்வொரு படியாகத் தட்டித் தட்டி இறங்கி என் காலடியில் வந்து கிடந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடித்தேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"மன்னிச்சுக்கோம்மா. என் கண்ணுதான் சரியில்லை. உன்னைப் பயமுறுத்திட்டேன்."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கட்டடத்துக்காரியிடம். நான் அதை வாங்கிக்கொண்டேன், தம்பி. "பரவாயில்லைம்மா" என்று சொன்னேன். இல்லை, படிதான் கோணல் என்று சொல்ல வாய் வரவில்லை. வக்கீல் சொன்னது ஞாபகம் வந்ததா, வெட்கமா, எனக்கே தெரியவில்லை. அன்று சாயங்காலம் யோசித்துப் பார்த்தேன். தடுக்கி விழுகிற யாரும் தரையைத் திட்டுவதில்லை. அக்கம்பக்கம் யாராவது பார்த்தார்களா என்று பார்த்துவிட்டு, புடவையைத் தட்டிக்கொண்டு, நொண்டுவதை மறைத்துக்கொண்டு போகிறோம். நானும் அப்படித்தான் எத்தனையோ வாசல்களிலிருந்து போயிருக்கிறேன். விழுகிறவர்களுக்கு வெட்கம் இருக்கிறவரை நம்மைப் போன்றவர்களுக்குக் கவலை இல்லை. இதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

இப்போது கேட்டுக்கொள். நீ ஏன் அந்தப் படி விஷயத்தைத் தள்ளிப்போடுகிறாய் என்று எனக்குத் தெரியும். நீ என்ஜினீயரிங் கடைசி வருடம் படித்தபோது, அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு உன்னிடம்தான் படிக்கட்டுக் கணக்கைக் கொடுத்தார். ஒரு மேஸ்திரி கீழிருந்தும் இன்னொருவர் மேலிருந்தும் கட்டிக்கொண்டு வந்தார்கள். தரைப்பூச்சின் கனத்தை நீ கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டு பேரும் நடுவில் சந்தித்தபோது மிஞ்சிய இரண்டு அங்குலத்தை எங்கே போடுவது என்று தெரியாமல் ஏழாவதில் போட்டுவிட்டார்கள். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா பேசவில்லை. நானும் பேசவில்லை, நீ நான்கு நாள் சாப்பிடாமல் கிடந்ததைப் பார்த்தவள் நான். இன்றைக்கு நீ பாலங்களுக்குக் கையெழுத்துப் போடுகிறாய், ஒரு பாலத்தில்கூட இரண்டு அங்குலம் மிஞ்சினதில்லை. இருபது வயதுப் பையன் விட்ட பிழையைத் திருத்துவது அவனை அவமானப்படுத்துவது ஆகாது. என் தொழிலில் இதைத் தினமும் செய்கிறோம், எந்த நூலாசிரியரும் செத்துப்போனதில்லை. சிலர் போனில் கத்துவார்கள், அவ்வளவுதான்.

கூட்டுச் சொத்து என்பதால் உன் சம்மதம் இல்லாமல் நான் உடைக்கக் கூடாதாம். உடன் வைத்திருக்கிற தாளில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. பதிவுத் தபால் எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன் என்றேன் அல்லவா? இந்தப் பக்கம் வரை படித்துவிட்டாயானால் உனக்கும் இப்போது விஷயம் தெரியும். நாளை யாராவது விழுந்தால், தெரிந்தும் விட்டவர்கள் இரண்டு பேர். அக்கா இப்படிச் செய்யலாமா என்று கோபப்படாதே, இத்தனை நாள் ஒருத்தியாகப் பயந்து களைத்துப்போய்விட்டேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, கைப்பிடி உள்ள பக்கமாகவே நடந்து, நூறு வயது இரண்டு முழங்காலோடும் வாழட்டும்.

உன் அக்கா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது அச்சகத்திலிருந்து அவசர வேலை வந்துவிட்டது, ஒன்பது நாள் பையிலேயே இருந்துவிட்டது. இதற்குள் உன் அத்தான் எனக்கு ஒரு நிம்மதி கொடுக்கலாம் என்று, உன் கையெழுத்துக்குக் காத்திராமல் மேஸ்திரியைக் கூட்டி வந்துவிட்டார். நல்ல வேலைக்காரர். கீழ் ஆறு படிகளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பூச்சு ஏற்றி, அந்த இரண்டு அங்குலத்தை ஏழு படிக்கும் பங்கு போட்டுவிட்டார். மஞ்சள் பட்டையையும் சுரண்டி எடுத்தாயிற்று. ரசமட்டம் வைத்துக் காட்டினார், குமிழி நடுவிலிருந்து அசையவில்லை. அன்று மத்தியானம் தலைமையாசிரியை பேசிக்கொண்டே ஏறிப் போனார், ஒன்றும் ஆகவில்லை. அடுத்து வக்கீல் ஏறினார். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் ஏழாவதுக்குக் காலை உயரத் தூக்கினார், அங்கே உயரம் இல்லை, கால் தடாலென்று இறங்கி, ஃபைல்களோடு உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் பிசியோ டாக்டர், அதே இடத்தில். மறுநாள் சாவியைக் கொடுக்க வந்த டெய்லர், தானே "ஏழு" என்று சொல்லிக்கொண்டு, தானே விழுந்தார். நான்காவது நான். வலது கணுக்கால். டாக்டர் ஒரு கையில் கட்டோடு வந்து எனக்குக் கட்டுப் போட்டுவிட்டுப் போனார். உன் படியில் இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் விழவில்லை, என் படியில் இரண்டே நாளில் நான்கு பேர், அதனால் மேலே உன் கணக்கைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். நால்வரும் யார் பார்த்தார்கள் என்று பார்த்துவிட்டு எழுந்தோம், வக்கீலைத் தவிர. அவர் உட்கார்ந்தபடியே யோசித்து, உடன்பிறந்தவரைக் கேட்காமல் படியை மாற்றியதால் இனி பொறுப்பு முழுக்க என் ஒருத்தியுடையது என்று சொல்லிவிட்டார். தாள் உள்ளே அப்படியே இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பு. தேதி மட்டும் போன மாதத்தில் இருக்கட்டும்.