விசில் டீச்சர் நட்ட வரிசை

எழுதத் தெரியாத ஒருத்தி எழுத உட்கார்ந்ததை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாவதோடு என் படிப்பு முடிந்தது. நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சர்ச் பாடகர் குழுவில் பல வருஷம் நின்றிருக்கிறேன், வாயை மட்டும்தான் அசைப்பேன். ஆனால் விசில் டீச்சரைப் பற்றி இதுவரை யாரும் எழுதக் காணோம். அதனால் துணிந்துவிட்டேன்.

தாம்பரத்தில் விசில் டீச்சர் சொல்லைக் கேட்காதது ரயில்வே கேட் ஒன்றுதான். மற்றபடி மனிதர், மாடு, டவுன் பஸ் எல்லாமே அவருக்குக் கட்டுப்பட்டவை. பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு டீச்சர். வெள்ளைப் புடவை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில். அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரரே "டீச்சர், காபி" என்றுதான் கேட்பார்.

எங்கள் சர்ச்சில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை எவ்வளவு தள்ளியும் மோதிரம் பெண்ணின் விரலில் ஏறவில்லை. மூன்றாவது பெஞ்சிலிருந்து சின்னதாக ஒரு விசில் வந்தது. மோதிரம் ஏறிவிட்டது. பள்ளி விளையாட்டு விழாவில் கொட்டுகிற மழையில் அணிவகுப்பை நடத்தினார். நிறுத்தச் சொன்ன தலைமையாசிரியையிடம், "நிகழ்ச்சி நிரல்ல மழை போடலையே மேடம்" என்றாராம். ஸ்டேஷனில் ஒருநாள் அவர் மாணவிகளைக் கூப்பிட ஊதிய விசிலுக்கு மின்சார ரயில் கிளம்பிவிட்டதாகவும் சொல்வார்கள். அதை நான் பார்க்கவில்லை. நம்புகிறேன்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் சபை ஒரு கிராமத்தில் பிரசங்கக் கூட்டம் நடத்த, ஊழியத்துக்குக் கிளம்பியது. பொறுப்பு டீச்சர் கையில். ஊரப்பாக்கம் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு வெகுதூரம் உள்ளே தள்ளிய ஊர். ஏரித் தண்ணீரை நம்பி நெல் போடுகிற ஏழை ஊர். முந்தின நாளே டீச்சர் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போய், "நாளைக்குக் கூட்டம், கூட்டம் முடிஞ்சதும் கோழி பிரியாணி" என்று தெருத் தெருவாகச் சொல்லிவிட்டு வந்தார்.

காலையில் வேன் போய் நின்றபோது எங்களுக்கே ஆச்சரியம். பஞ்சாயத்து ரேடியோ ரூமுக்கு முன்னால் விரித்த ஜமுக்காளத்தில் இடமில்லை. ஊர்ப் பெண்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் என் பக்கம் திரும்பி, "பார்த்தியா, தேவ வசனத்துக்கு எவ்வளவு தாகம்" என்றார். எல்லார் கண்ணும் பிரியாணி அண்டா மேல் இருந்ததை நான் சொல்லவில்லை.

பாட்டு முடிந்து போதகர் ஐயா பிரசங்கத்தை ஆரம்பித்தார். அப்போதுதான் முழங்கால் வரை சேற்றோடு ஒரு அம்மா வந்து நின்றார். பெயர் கன்னியம்மா. வீட்டுக்காரர் இல்லை. கொஞ்சம் கழனியைக் குத்தகைக்கு எடுத்துத் தனியாகப் பயிர் வைப்பவர்.

"இன்னா டீச்சரம்மா, என் நடவாளுங்கள எல்லாம் இட்டாந்து இங்க குந்த வெச்சிகினு கீற?"

"உட்காருங்கம்மா. கூட்டம் முடிஞ்சதும் சாப்பாடு இருக்கு."

"எனுக்கு சோறு இன்னாத்துக்கு? நாத்து பறிச்சி வரப்புல கெடக்குது, வெயில்ல வாடிகினு கீது. எனுக்கு ஏரித் தண்ணி மொற இன்னிக்கு ஒரு நாளுதான். பொழுது சாஞ்சா அடுத்த கழனிக்குத் திருப்பிடுவாங்க. சேறு இறுகிப்பூட்டா நான் எத்த நடறது? இந்தப் போகம் போச்சுன்னா குத்தகையும் போச்சு."

ஜமுக்காளத்திலிருந்து ஒரு பெண், "துன்னுட்டு வந்துடறோம் கன்னி, நீ முன்னால போ" என்றார்.

"எப்ப துன்னுவீங்க?"

"அத்த டீச்சரம்மாவத்தான் கேக்கணும்."

டீச்சர் கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். பிரசங்கத்துக்குப் பிறகு சாட்சி சொல்வது, குறுநாடகம், வினாடி வினா எல்லாம் பாக்கி இருந்தது. மழைக்கே நிகழ்ச்சியை மாற்றாதவர். காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நீளமாக ஒரு விசில் ஊதினார்.

போதகர் ஐயா பாதி வார்த்தையில் நின்றார். "டீச்சர், முதல் பாயிண்டே இன்னும் முடியலையே."

"மீதியை ஞாயித்துக்கிழமை நாங்க கேட்டுக்கறோம் ஐயா. இப்ப சாப்பாடு. சாப்பிட்டதும் எல்லாரும் கழனிக்கு."

"எல்லாரும்னா?" என்றார் எங்கள் பாடகர் குழுவின் பாட்டு மாஸ்டர்.

"இவங்க வேலையைக் கெடுத்தது நாமதான் மாஸ்டர். ஷூவைக் கழட்டுங்க."

ஜெபம் உட்பட எல்லாமே அன்று அவசரமாக முடிந்தது. விசிலுக்கு விசில் பந்தி எழுந்தது. பிறகு வரப்பு மேல் ஊர்வலமாகப் போனோம். முன்னால் நடவாட்கள், பின்னால் எங்கள் சபையின் டெலிபோன் ஆபீஸ் குமாஸ்தா, வங்கிக் காசாளர், போதகர் ஐயா, நான். டீச்சர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாகச் சேற்றில் இறங்கினார். இறங்கியதும் நிதானமாக உட்கார்ந்தார். உட்கார நினைத்து உட்காரவில்லை. எழுந்து, "ம், ஆரம்பிங்க" என்றார்.

ஊர்ப் பெண்கள் சிரித்துக்கொண்டே நட்டார்கள். எங்களுக்குச் சிரிக்கவும் வரவில்லை, நடவும் வரவில்லை. பாட்டு மாஸ்டர் தெம்புக்காக ஒரு கீர்த்தனையை எடுத்தார். "சார், பாட்டு மெதுவா போவுது, கையும் மெதுவா போவுது. கொஞ்சம் சுருக்கா பாடு" என்றார் ஒரு பெண். அந்தக் கீர்த்தனையை அந்த வேகத்தில் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

டீச்சர் மட்டும் பாடாமல், பேசாமல், பல்லைக் கடித்துக்கொண்டு நட்டார். ஒவ்வொரு நாற்றையும் முழங்கை சேற்றில் மறையும் வரை அழுத்தினார்.

"டீச்சரம்மா, நாத்து நடச் சொன்னா கம்பம் நடறியே" என்றார் கன்னியம்மா.

"சாயக்கூடாதில்லம்மா. வரிசை நேரா நிக்கணும்."

"நேராவா? திரும்பிப் பாரு."

டீச்சர் திரும்பிப் பார்த்தார். அவருடைய வரிசை பாம்பு போல நெளிந்து பக்கத்து வரிசையில் போய் முட்டியிருந்தது. முப்பது வருஷமாகப் பிள்ளைகளை நேர்க்கோட்டில் நிறுத்தியவர். மறுபடி குனிந்தார்.

வெயில் இறங்கியது. ஒரு மூலை இன்னும் பாக்கி இருந்தபோது, அடுத்த கழனிக்காரர் தண்ணீரைத் திருப்ப மண்வெட்டியோடு வந்தார். வாய்க்காலில் அவர் மண்வெட்டியை ஓங்க, கழனிக்குள்ளிருந்து விசில் வந்தது. ஓங்கிய கை அப்படியே நின்றது.

"இன்னா இது, போலீசா?"

"டீச்சர்" என்றார் கன்னியம்மா.

"இன்னும் கொஞ்சம்தான் அண்ணா. தயவுசெஞ்சு நில்லுங்க" என்றார் டீச்சர். அவர் யாரிடமும் தயவு கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த மனிதர் மண்வெட்டியை வரப்பில் ஊன்றிவிட்டு பீடி பற்றவைத்தார். கடைசிக் கட்டு நாற்று தீர்ந்தபோது டீச்சரால் நிமிர முடியவில்லை. குனிந்தபடியே விசில் ஊதிக் கூட்டத்தை முடித்துவைத்தார். இரண்டு பெண்கள் அவரைக் கைத்தாங்கலாக வேனில் ஏற்றினார்கள்.

மறுநாள் டீச்சருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால், விட்டுவிட்டு வந்த அண்டாவை எடுத்துவர என்னை அனுப்பினார்கள். போனபோது நாங்கள் நட்டதில் பாதி தண்ணீரில் மிதந்தது. கன்னியம்மாவும் இன்னும் இரண்டு பேரும் அதை அள்ளியெடுத்து மறுபடி நட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சரின் கோணல் வரிசை மட்டும் அப்படியே நின்றது. அதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "இஸ்து பாத்தேன், வரல. இருக்கட்டும்னு வுட்டுட்டேன்" என்றார்.