ஃபில்டர் தேர்வுக் கமிட்டி

வைகை பாயும் நிலமெங்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், வாழ்க்கையில் ஒரு தவறான முடிவுகூட எடுக்காத மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் ஆனையூர் ஞானமுத்து. மிஷன் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாக்பீஸ் வாங்குவதானாலும் மூன்று கொட்டேஷன், ஒரு கமிட்டி, ஒரு தீர்மானம் என்று முறைப்படி நடத்தியவர். சாக்பீஸ் வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் பாஸாகிப் போயிருப்பார்கள். அது கமிட்டியின் குற்றமல்ல.

ஓய்வு பெற்ற நாளில் பள்ளி அவருக்கு ஒரு தங்கநிறப் பேனா பரிசளித்தது. அதைக் கொண்டு வீட்டின் தீர்மானப் புத்தகத்தில் மட்டும் எழுதுவார். ஆம், வீட்டுக்கும் ஒரு தீர்மானப் புத்தகம் உண்டு. அந்தப் பேனாவை வேறு யாரும் தொடக்கூடாது என்பதே அதில் பதிவான முதல் தீர்மானம்.

அக்டோபர் மாதத்தில் இந்தக் குடும்பத்துக்கு ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் வந்தன. நல்ல செய்தி, மனைவி ஆனிமேரிக்குக் கிறிஸ்துமஸ் கீத ஆராதனையில் தனிப்பாடல் கிடைத்தது. பாடகர் குழுவில் இருபது வருடங்கள் மூன்றாவது வரிசையில் நின்றே பாடியவளுக்கு முதல்முறையாக முன்னால் வந்து நிற்கும் பாக்கியம். இரவும் பகலும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். கெட்ட செய்தி, காரில் ஏசியைப் போட்டால் இருமல் வந்தது.

மெக்கானிக் சங்கிலியைக் கூப்பிட்டார்கள். அவன் டேஷ்போர்டைத் திறந்து, உள்ளே கையை விட்டு, ஏசி ஃபில்டரை உருவினான். பிறந்தபோது அது வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். இப்போது அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. மடிப்புகளுக்கிடையில் காய்ந்த வேப்பம்பூவும் ஒரு பல்லியின் வாலும் இருந்தன.

"அண்ணே, இது வழியாத்தான் இம்புட்டு நாளா அக்கா மூச்சு விட்டுருக்காங்க. புதுசு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. அஞ்சு நிமிசத்துல மாட்டிருவேன்."

'அஞ்சு நிமிசம்' என்ற பேச்சு ஞானமுத்துவைப் புண்படுத்தியது. காருக்குள் நுழையும் காற்று சம்பந்தப்பட்ட விஷயம். அதை அஞ்சு நிமிடத்தில் முடிப்பதா? அன்றே கமிட்டி அமைந்தது. தலைவர், செயலாளர் இரண்டும் ஞானமுத்து. தொழில்நுட்ப நிபுணர், மைத்துனன் ஜெய்சன். காரைப் பற்றி ஐம்பது வீடியோ பார்த்திருந்தான், ஓட்டத் தெரியாது. ஆனிமேரி, 'வாக்குரிமையற்ற சிறப்பு அழைப்பாளர்'. டீ கொண்டுவருபவர் கமிட்டியில் இருந்தாக வேண்டுமல்லவா?

பழைய ஃபில்டர் 'ஆதாரம்' என்று கைப்பற்றப்பட்டு, பாலிதீன் பையில் போட்டு, அலமாரியில் பூட்டப்பட்டது.

"அண்ணே, அப்ப ஃபில்டர் இல்லாமயா வண்டி ஓடும்? தூசி நேரா மூஞ்சிக்கு வரும்ணே," என்றான் சங்கிலி.

"விசாரணை முடியுற வரைக்கும்தான்," என்றார் ஞானமுத்து.

கொட்டேஷன் வாங்கக் கோரிப்பாளையத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் பக்கீர் முகமதுவிடம் போனார்கள். பக்கீர் பாய் இரண்டு டப்பாக்களை மேசையில் வைத்தார்.

"இது ஜெனியூன் சார். கம்பெனி சரக்கு, ரொம்ப நாளு தாங்கும். இது பட்ஜெட். விலை கம்மி, சீக்கிரம் மாத்தணும். எதை எடுத்தாலும் சரி."

"எது சிறந்தது பாய்? எழுத்துல கொடுங்க."

பக்கீர் பாய் இரண்டு டப்பாக்களையும் அவர் பக்கம் தள்ளினார். "சார், அல்லாவுக்குப் பொதுவா சொல்றேன். ரெண்டுமே மாட்டுனாத்தான் வேலை செய்யும்."

இந்த வாசகம் தொழில்நுட்பத் தெளிவற்றது என்று புத்தகத்தில் பதிவாயிற்று.

ஜெய்சன் இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மடிப்பு எண்ணினான். ஜெனியூனுக்கு இருபத்தெட்டு. பட்ஜெட்டுக்கு இருபத்திரண்டு. ஞானமுத்து பட்ஜெட்டை மறுபடி எண்ணச் சொன்னார். இருபத்தொன்று வந்தது. இந்த முரண்பாட்டை ஆராய ஒரு துணைக் கமிட்டி தேவைப்பட்டது. அதிலும் அவர்கள் இரண்டு பேர்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று முளைத்தது. விதிப்படி மூன்று கொட்டேஷன் வேண்டும். உலகத்திலோ ஜெனியூன், பட்ஜெட் என இரண்டுதான் இருந்தன. நவம்பர் முழுவதும் மூன்றாவதைத் தேடுவதில் கழிந்தது. கடைசியில் சங்கிலி மனமிரங்கி, "கம்ப்ரஸர் காத்துல பழசையே ஊதித் தாரேன், இதையும் ஒண்ணா வச்சுக்கங்க," என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். மூன்றாவது கொட்டேஷன் கிடைத்த அந்த நாளில் ஞானமுத்து கண்கலங்கினார்.

ஆனிமேரியின் கண்ணும் கலங்கியிருந்தது. அது தூசியால். ஒத்திகைக்குப் போய் வரும்போதெல்லாம் சேலைத் தலைப்பை மூக்கில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, அந்த பட்ஜெட்டையே வாங்கி மாட்டிருவோமே. தொண்டை கட்டிக்கிட்டே வருது. உசந்த சுருதி எட்ட மாட்டேங்குது."

"அக்கா, வீடியோவுல ஒருத்தன் பட்ஜெட்ட கத்தியால கீறிக் காட்டுறான். உள்ள வெறும் பேப்பர்," என்றான் ஜெய்சன்.

"உள்ள இப்ப என்னடா இருக்கு?"

ஒன்றுமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஞானமுத்து பேனாவைத் திறந்து, 'சிறப்பு அழைப்பாளரின் கருத்து கேட்டறியப்பட்டது. அவரது இருமலுக்குக் கமிட்டி வருத்தம் தெரிவித்தது' என்று எழுதினார். ஒரு கணவர் இதற்குமேல் என்னதான் செய்ய முடியும்?

டிசம்பர் பதினெட்டாம் தேதி வரலாற்றுத் தீர்மானம் நிறைவேறியது. ஜெனியூன்! பக்கீர் பாய் டப்பாவை எடுத்துக் கொடுக்கும்போது, "முபாரக் சார்," என்று கைகுலுக்கினார்.

கீத ஆராதனை மறுநாள் மாலை. சங்கிலியோ மாலை போட்டு சபரிமலைக்குப் போயிருந்தான். தலைவரே மாட்டுவதென்று முடிவாயிற்று. ஜெய்சன் வீடியோவை ஓடவிட, ஞானமுத்து டேஷ்போர்டைத் திறந்து ஃபில்டரை டப்பாவிலிருந்து எடுத்தார். பளபளவென்ற பாலிதீன் உறைக்குள் பால்போல வெள்ளையாக இருந்தது.

அந்த உறையைப் பிரிக்க அவருக்குக் கை வரவில்லை. கார் வாங்கி ஒன்பது வருடமாகியும் சீட்டுகளின் உறையைப் பிரிக்காதவர். டிவி ரிமோட்டை உறைக்குள் வைத்தே அமுக்குபவர். இரண்டரை மாதம் பாடுபட்டு வாங்கிய ஜெனியூன் சரக்கைப் போய் வெறும் மேனியாக வைப்பதா?

"தூசி பட்டுருமே மாப்ள," என்றார்.

"கரெக்ட் அத்தான். உறையோடயே இருக்கட்டும்," என்றார் தொழில்நுட்ப நிபுணர்.

உறையோடு உள்ளே போயிற்று.

மறுநாள் மாலை ஆனிமேரி பட்டுச்சேலை கட்டி, வாயில் கல்கண்டை அடக்கிக்கொண்டு காரில் ஏறினாள். எல்லாக் கண்ணாடியும் ஏற்றப்பட்டது. ஏசி நான்காம் எண்ணில் வைக்கப்பட்டது. 'ஊ' என்று சத்தம் வந்தது. காற்று வரவில்லை.

"ஜெனியூன்னா இப்படித்தான் அத்தான். முகத்துல அடிக்காது. சாத்வீகமா வரும்," என்றான் ஜெய்சன்.

சாத்வீகம் கூடிக்கொண்டே போயிற்று. மூன்று பேருக்கும் வேர்வை ஊற்றியது. கண்ணாடியில் ஆவி படிந்து முன்னால் போவது பஸ்ஸா ஆட்டோவா என்று தெரியவில்லை.

"கண்ணாடிய இறக்குங்க, மூச்சு முட்டுது!"

"இறக்கக் கூடாது! ஜெனியூன் காத்து வெளிய போயிரும்!" என்றார் ஞானமுத்து.

கோரிப்பாளையம் சிக்னலில் ஆனிமேரி தானே கண்ணாடியை இறக்கினாள். வாயை அகலத் திறந்து ஒரு பெருமூச்சு இழுத்தாள். அதே நேரத்தில் பக்கத்தில் நின்ற மணல் லாரி கிளம்பியது. மதுரைச் சமவெளியின் ஒரு கைப்பிடி அவள் தொண்டைக்குள் குடியேறியது.

ஆலயத்தில் ஆர்கன் ஒலித்தது. ஆனிமேரி முதல்முறையாக முன்னால் வந்து நின்றாள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. இரண்டாம் முறை அதுவும் வரவில்லை. பாடகர் குழுத் தலைவி ரூத் டீச்சர் மூன்றே வினாடியில் அந்தப் பாட்டைத் தானே எடுத்துக்கொண்டாள். அதற்குக் கமிட்டி எதுவும் போடவில்லை. ஆனிமேரி மூன்றாவது வரிசைக்கே திரும்பிப் போனாள். அழுதாள். அதற்கும் சத்தம் வரவில்லை.

ஆராதனை முடிந்து எல்லோரும் கேக் சாப்பிடும்போது, அவள் காரைத் திறந்து, டேஷ்போர்டுக்குள் கையை விட்டு ஃபில்டரை உருவினாள். உறை கசங்கவில்லை. ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"பாத்தியா, புதுசு மாதிரியே இருக்கு!" என்றார் ஞானமுத்து.

வீட்டுக்கு வந்ததும் அவர் தீர்மானப் புத்தகத்தை விரித்து மூக்குக் கண்ணாடியைத் தேடப் போனார். திரும்பி வந்தபோது ஆனிமேரி அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். பேசத்தான் தொண்டை இல்லையே. எழுதி முடித்துப் புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

'ஜெனியூனுக்கு இரண்டு ஓட்டு. பட்ஜெட்டுக்கு ஓட்டு இல்லை. பழசை ஊதுவதற்கு ஓட்டு இல்லை. இருமினவளுக்கு ஓட்டே இல்லை. ஃபில்டர்மேல் தூசி படக்கூடாது என்று உறை போட்டீர்கள். என் தொண்டைக்கு எந்தக் கமிட்டி உறை போட்டது?'

ஞானமுத்து இரண்டு முறை வாசித்தார். வழக்கம்போல அதன் கீழே 'கருத்து கேட்டறியப்பட்டது' என்று எழுதப் பேனாவைத் தேடினார்.

பேனா அவள் கையில் இருந்தது. அவள் அதைத் தரவில்லை.