துவக்கோடு தமிழ் படித்த ஏனையா

துவக்கைத் தோளில் கொழுவிக்கொண்டு தமிழ் படித்தவன் இந்த உலகத்தில் ஒருவன்தான். அவன் படித்ததால் தமிழுக்கு என்ன நன்மை வந்ததோ தெரியாது. எனக்கு முதுகெல்லாம் வேர்க்குரு வந்தது.

நான் குருநகரில் தபால்காரனாக இருந்த காலம். கடற்கரை வீதி தொடங்குகிற இடத்தில் கடற்படையின் சென்றி, அதாவது காவலரண். சுற்றிவர மண்மூட்டையும் முள்ளுக்கம்பியும், நடுவில் ஒரு தகரக் கூரை. கூரை அவர்களுக்கு, வெயில் எங்களுக்கு. போகிற வருகிற எல்லாரும் சைக்கிளை விட்டு இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, பையைத் திறந்து காட்டவேண்டும். மற்ற கடற்படைக்காரர்கள் என் தபால் பையை விரலால் கிளறிவிட்டுப் போகச் சொல்லிக் கையை அசைப்பார்கள்.

இவன் வாசிப்பான்.

இருபது, இருபத்தொரு வயது இருக்கும். ஒல்லிப் பொடியன், காதுகள் மட்டும் இல்லையென்றால் தொப்பி கழுத்துக்கு இறங்கியிருக்கும். தெற்கே ஏதோ குளத்தடிச் சிங்களக் கிராமம். தமிழ் படித்தே தீருவது என்று முடிவெடுத்திருந்தான். புத்தகம் கிடைக்கவில்லை, என் தபால் பை கிடைத்தது. ஒவ்வொரு கடிதமாக எடுத்து முகவரியை எழுத்துக் கூட்டுவான்.

"அந்தோனிப்பிள்ளை. சரியா ஐயா?"

"சரி தம்பி."

"அந்தோனி இருக்கு. பிள்ளை இருக்கு. நடுவிலை ஏன் ஐயா ஒரு 'ப்'?"

எனக்குப் பின்னால் முப்பது சைக்கிள், இரண்டு ஐஸ் பெட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவர் ஒருவர். நான் பள்ளிக்கூடத்தில் இலக்கணத்துக்காக அடி வாங்கியவன். இலக்கணம் வாங்கியவன் அல்ல.

"அது அப்பிடித்தான் தம்பி வரும்."

"ஏன் ஐயா?"

ஒரு கிழமைக்குள் ஊர் அவனுக்கு 'ஏனையா' என்று பேர் வைத்துவிட்டது. சொந்தப் பேர் எனக்குத் தெரியாது. கேட்கிற துணிவும் அன்று இல்லை. என்னதான் பல்லைக் காட்டினாலும் போட்டிருந்தது அந்த உடுப்பு.

எழுத்தை என்னிடம் படித்தவன் பேச்சை மேரியக்காவிடம் படித்தான். மேரியக்கா பனையோலைக் கடகத்தில் மீன் சுமந்து விற்கிறவ. சென்றியைத் தாண்டுகிற ஒவ்வொரு தடவையும் அவனை வாய் நிறையத் திட்டுவா. அவன் அதைப் பாடம் என்று நினைத்து மனப்பாடம் செய்தான். விளைவு, ஒருநாள் பங்குச் சுவாமியார் வந்தபோது நிமிர்ந்து நின்று, "எடேய் சுவாமி, வாடா, சுகமா இருக்கிறீங்களோ?" என்றான். அடுத்த நிமிடம் சென்றியில் வளர்த்த நாயைப் பார்த்து, "நாயார், சாப்பிட்டீங்களோ?" என்று விசாரித்தான்.

சுவாமியாரை 'டா' போடக்கூடாது என்று நான் கெஞ்சினேன்.

"ஏன் ஐயா? மேரியக்கா என்னை 'டா' எண்டுதானே கூப்பிடுறா. அவவுக்கு என்னிலை விருப்பம்."

"விருப்பமோ?" மேரியக்கா கடகத்தை இறக்கியே விட்டா. "உவனுக்கு விசரடா!"

"பாருங்கோ ஐயா, திரும்பவும் 'டா'," என்றான் சந்தோசமாக.

இன்னொருநாள் மத்தியான வெயிலில் என்னை மறித்து, விரலை மடித்து எண்ணத் தொடங்கினான். "மீன் பிடிக்கிறது. பஸ் பிடிக்கிறது. சளி பிடிக்கிறது. எனக்கு உங்களைப் பிடிக்கிறது. எல்லாத்துக்கும் ஏன் ஐயா ஒரே பிடிக்கிறது?"

வரிசையில் நின்ற மேரியக்கா வாயை வைத்துக்கொண்டு இருக்கவில்லை. "உங்கடை ஆக்கள் எங்கடை பொடியளைப் பிடிக்கிறதையும் சேர்த்துக் கேளன்ரா."

வரிசையில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவன் ஐந்தாவது விரலை மடித்தான். முகம் சிவந்தது. அன்றைக்கு ஒருவருடைய பையையும் திறக்காமல் எல்லாரையும் போகவிட்டான்.

எனக்கு இருந்தது வெயில் பிரச்சினை மட்டுமல்ல. கடற்படைக்காரனோடு சிரித்துக் கதைத்தவன் என்று பேர் வந்தால் மறுநாள் மதிலில் இயக்கத்தின் எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருக்கும் காலம் அது. இவனோ நான் தூரத்தில் வரும்போதே, "நேற்று ஏன் ஐயா வரேல்லை?" என்று கத்துவான். சுத்துப் பாதையால் போய்ப் பார்த்தேன். அந்தப் பக்கமும் சென்றி மாறி வந்து நின்றான்.

"உங்களுக்கு அவனோடை என்ன அவ்வளவு கதை?" என்றாள் மனைவி.

"நான் எங்கையப்பா கதைக்கிறன்? அவன்தான் கதைக்கிறான்!"

இப்படியிருக்க, ஒருநாள் பையிலிருந்து ஓர் அஞ்சலட்டையை எடுத்தான். மேரியக்காவின் பேருக்கு வந்தது. நான் முதலே கவனித்திருந்தால் சட்டைக்குள் ஒளித்திருப்பேன். அவன் வழக்கம்போல உரக்கத் தொடங்கினான்.

"அம்மா, நான் சுகம். இப்ப கடலிலைதான் நிக்கிறன். எங்கடை படகு..."

நிறுத்தினான். மேரியக்காவின் மூத்தவன் இயக்கத்துக்குப் போய் இரண்டு வருடம். யாரோ புத்திகெட்டவன் அவன் எழுதியதை அப்படியே தபாலில் போட்டிருக்கிறான். மேரியக்கா எனக்குப் பின்னால்தான் நின்றா. ஏனையா மிச்சத்தை வாய்க்குள் வாசித்தான். எழுத்துக் கூட்டாமல் அவன் வாசித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கூரைக்குக் கீழே இருந்த அதிகாரி எழும்பி வந்து ஏதோ கேட்டார். இவன் விறைப்பாக நின்று சிங்களத்தில் மறுமொழி சொன்னான். எனக்கு விளங்கியது 'மாளு' என்ற ஒரு சொல்தான். மீன். அதிகாரி கொட்டாவி விட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

"நீர்கொழும்பிலை மீன் விலை எழுதியிருக்கு எண்டு சொன்னனான்," என்று முணுமுணுத்துக்கொண்டு அட்டையை என் கையில் திணித்தான். பிறகு மேரியக்காவைப் பாராமல் கடலைப் பார்த்துச் சொன்னான்: "மகன் சுகமாம் அக்கா."

மேரியக்கா அன்றைக்கு மட்டும் அவனைத் திட்டவில்லை. அதற்கும் அவன் மறுநாள், "நேற்று ஏன் ஐயா அக்கா பேசேல்லை?" என்று என்னைத்தான் குடைந்தான்.

மாரி தொடங்குகிற நேரம் என்னை மறித்து, தன்னைச் சண்டைப் படகுக்கு மாற்றிவிட்டார்கள் என்றான்.

"சரி, போய்ட்டு வா," என்றேன்.

"போறவனை ஏன் ஐயா 'வா' எண்டு சொல்லுறது?"

மழை தூறிக்கொண்டிருந்தது. கடிதங்கள் நனைந்துகொண்டிருந்தன. "சனம் நிக்குது, போடா!" என்றுவிட்டேன். 'டா' போட்டதில் அவனுக்குப் பெருமை. சல்யூட் அடித்தான்.

இரண்டு மாதத்தில் வடமராட்சிக் கடலில் பெரிய சண்டை. விடியும்வரை வெடிச்சத்தம். சில நாள் கழித்து, சென்றியில் நின்ற ஒருவனிடம் காதைத் தொட்டு, ஒல்லியென்று விரலைக் காட்டி, அவன் எங்கே என்று சைகையில் கேட்டேன். அவன் கையைக் கவிழ்த்துக் காட்டினான். படகு கவிழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பக்கத்தில் நின்ற மேரியக்கா கடகத்தை நிலத்தில் போட்டா. "கரையிலை நிண்டு கேள்வி கேக்கிறவனை ஏன்ரா கடலுக்கு அனுப்பினியள்? ஆரடா அனுப்பினது? சொல்லுங்கோவன்ரா!" என்று அந்த உடுப்புகளைப் பார்த்துக் குழறினா. நல்லகாலம், அவர்கள் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அந்த வருடம் முடிவதற்குள் அவவின் மகனும் அதே கடலில் போனான். மகனுக்கு ஊர் கூடி அழுதது. மற்றவனுக்கு அழுதால் வெளியில் சொல்லமுடியாது. எனக்கோ அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மறிக்க அவன் இல்லாமல் நேரத்துக்குத் தபால் கொடுக்க முடிந்த அந்த நாட்களைப்போல அலுப்பான நாட்கள் என் வேலைக்காலத்தில் வேறு இல்லை.

போன வருடம், நான் ஓய்வு பெற்று, குருநகருக்குக் கிட்ட உள்ள திருநெல்வேலியில் இருக்கிற வீட்டு வாசலில் ஒரு வான் வந்து நின்றது. நயினாதீவுக்கு வந்த சிங்கள யாத்திரிகர்கள். வெள்ளைச் சாரமும் சேட்டும் போட்ட முதியவர் ஒருவர் இறங்கினார். மகன் கடிதங்களில் குருநகர்த் தபால்காரரைப் பற்றி எழுதினானாம்; தபால் கந்தோரில் விசாரித்து வந்திருக்கிறார். இரண்டு பாசையும் தெரிந்த வான் சாரதி நடுவில் நின்றான்.

"மகன் எப்பிடிப்பட்டவன் எண்டு கேக்கிறார் ஐயா."

நல்லதாக நாலு வார்த்தை சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"பெரிய கரைச்சல் பிடிச்ச பொடியன். மனிசரை நிம்மதியா இருக்கவிடமாட்டான்."

சாரதி தயங்கினான். "அப்பிடியே சொல்லு தம்பி," என்றேன்.

சொன்னான். முதியவர் கையால் வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்ணீர் ஓட ஓடச் சிரித்தார்.

"வீட்டிலையும் அப்பிடித்தானாம் ஐயா. ஆமையைப் பிடிச்சுக்கொண்டு வந்து, இது ஏன் வீட்டைச் சுமக்குது எண்டு நாலு நாள் கேட்டவனாம்." சாரதி குரலைத் தாழ்த்தினான். "வாற எல்லாரும் வீரன் வீரன் எண்டுதான் சொல்லுறவையாம். நீங்கள்தான் தன்ரை மகனைக் கண்டிருக்கிறியளாம்."

முதியவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார். வான் சாரதி இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் விட்டார்.

வான் பலாலி வீதியில் திரும்பும்வரை வாசலில் நின்றேன். குசினிக்குள் இருந்து மனைவி குரல் கொடுத்தாள். "ஆரப்பா வந்திட்டுப் போறது?"

"எங்கடை பொடியன் ஒருத்தன்ரை தகப்பன்," என்றேன்.