வெர்னியர் சார் பாஸ் பண்ணாத முறுக்கு

திருமுல்லைவாயிலில் நான் குடியிருந்த தெருவில், பொழுது விடிந்துவிட்டது என்பதைக்கூட வெர்னியர் சார் அவ்வளவு சுலபத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார். வாசலுக்கு வந்து வானத்தை அண்ணாந்து பார்ப்பார். "இன்னா இன்னிக்கு இவ்ளோ வெளிச்சம்?" என்பார். யாரோ கள்ளத்தனமாக லைட் போட்டுவிட்ட மாதிரி இருக்கும் அந்தக் குரல்.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம். பாடியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இரும்புத் துண்டின் தடிமனை மயிரிழை சுத்தமாக அளக்கும் வெர்னியர் என்ற கருவி அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். வேலைதான் போயிற்றே தவிர, அளக்கிற புத்தி போகவில்லை. டீக்கடை வடையை அளப்பார், கல்யாணப் பத்திரிகையின் அட்டையை அளப்பார். போன மாதத்தைவிட சோப்பு இளைத்துவிட்டது என்று ஒருநாள் மளிகைக் கடையில் பெரிய ரகளை.

"நான் இன்னா சார், ஊட்டுக்கு எடுத்துக்கினு போயி சீவியா வெச்சேன்?" என்றார் கடைக்காரர்.

"சீவுனியா?" என்று நிஜமாகவே கேட்டார் சார்.

ஆன்லைனில் மிக்ஸி வாங்கினார். பார்சலைத் தெரு நடுவில் வைத்துத்தான் பிரிக்க வேண்டும் என்று உத்தரவு. நான் ஒரு பக்கமிருந்து வீடியோ எடுத்தேன், எதிர்வீட்டுக்காரர் இன்னொரு பக்கமிருந்து. எதற்கு இரண்டு என்று கேட்டேன். "உன் வீடியோவுல நீ எதுனா பண்ணிட்டா?" என்றார். பாவம், டெலிவரி கொண்டுவந்தவர் வெயிலில் சாட்சியாக நின்றுகொண்டிருந்தார். பெட்டியைத் திறந்தால் உள்ளே மிக்ஸிதான் இருந்தது. செங்கல்லை எதிர்பார்த்து வந்த கூட்டத்துக்கு ஏமாற்றம். சாருக்கு அதைவிட ஏமாற்றம். "கேட்டது அப்பிடியே வந்துகீதே தம்பி, எங்கியோ இடிக்குதே" என்று இரண்டு நாள் புலம்பினார்.

இப்படிப்பட்டவரைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்திய ஸ்டெல்லா அக்கா, வீட்டிலேயே முறுக்கு போட்டு விற்க ஆரம்பித்தார். கேட்காமலே தரப் பரிசோதனை அதிகாரியாகப் பதவி ஏற்றுக்கொண்டார் சார். அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு முறுக்கையும் வெர்னியரால் இடுக்கிப் பார்ப்பார். ஒரு சுற்று பருமனாக இருந்தால் போதும், தட்டில் சிவப்பு ஸ்டிக்கர் விழும். பாதிக்கு மேல் ரிஜக்ட். ரிஜக்ட் ஆனதெல்லாம் எங்கள் வீடுகளுக்கு வந்தது. தெருவே சதை போட்டது, அக்காவுக்கு மட்டும் லாபம் கண்ணில் படவில்லை.

பணம் வாங்குவதற்கு க்யூஆர் அட்டை ஒட்டினார்கள். அதன்மேல் எவனாவது தன்னுடைய ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போயிருப்பானோ என்று சாருக்கு சந்தேகம். தினமும் காலையில் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கொஞ்ச நாளில் எந்த போனிலும் ஸ்கேன் ஆகாத அளவுக்கு அட்டை தேய்ந்துவிட்டது. "பாத்தியா, நான் அப்பவே சொல்லல, இதெல்லாம் நம்பக்கூடாதுன்னு?" என்றார்.

அக்கா பொறுத்துப் பார்த்தார். சீட்டு எடுத்த பணம் மொத்தத்தையும் போட்டு, முறுக்கு பிழிகிற மிஷின் ஒன்றை வாங்கிவிட்டார். மிஷின் முறுக்கு ஒவ்வொன்றும் அச்சு அசலாக ஒரே அளவு. சார் அளந்தார், மறுபடி அளந்தார், முகம் வெளிறிப்போனார். "எல்லாம் ஒண்ணு மாதிரியே வர்து. வெர்னியர்ல கோளாறு" என்று சொல்லி, மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்த சிநேகிதரிடம் அதை எடுத்துக்கொண்டு ஓடினார். வெர்னியர் சரியாகத்தான் இருக்கிறது என்றார் சிநேகிதர். அன்றிலிருந்து சிநேகிதர் மேல் சந்தேகம்.

அண்ணா நகர் பக்கம் ஒரு இனிப்புக் கடையில் சாம்பிள் கேட்டிருந்தார்கள். பிடித்தால் வாராவாரம் ஆர்டர். "இது மட்டும் தவறிச்சின்னா மிஷினை வந்த விலைக்குத் தள்ளிட்டு, நானும் கட்டைய நீட்ட வேண்டியதுதான் தம்பி" என்றார் அக்கா. என் காரில் டின்னை ஏற்றினோம். வேண்டாம் வேண்டாம் என்று அக்கா சொல்லியும் சார் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கடை முதலாளி ஒரு முறுக்கை எடுத்து முகர்ந்தார். டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஒடித்து, விரலில் தேய்த்தார். சாரையே கல்லாவில் பார்ப்பது போல இருந்தது.

"பழைய எண்ணெயா?"

"ஐயோ, புது எண்ணெதாண்ணா" என்றார் அக்கா.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க. ஓடாதும்மா இது. எடுத்துக்கினு போங்க."

அக்கா டின்னை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை, திரும்பத் திரும்ப அழுத்தினார். இப்போது சார் 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஆரம்பிப்பார், நாமே அவர் வாயைப் பொத்திவிடலாமா என்று யோசித்தேன்.

"யார் முறுக்க வேணான்ற?" என்று ஒரு குரல். சார்தான்.

"சார், நீங்க யாரு?"

"இவ புருசன். எண்ணெய எப்ப மாத்துனா, மாவ எத்தினி தபா சலிச்சான்னு அடுப்பாண்ட குந்திக்கினு பாத்தவன். எங்கப்பனைக்கூட நம்பாதவன்யா நான். இவ கைய நம்பித்தான் இத்தினி வருசமா துன்னுகினு கீறேன். நீ இன்னாடான்னா பழைய எண்ணெயான்னு கேக்குற!"

சொன்னதோடு விட்டாரா? வெர்னியரை உருவி, கண்ணாடி ஜாடியில் இருந்த கடை முறுக்குகளை எடுத்து அளக்க ஆரம்பித்துவிட்டார். "இது குண்டு. இது நோஞ்சான். இது இன்னா, காது குத்துற கம்மலா?" வாங்க வந்த ஓர் அம்மாள் கையிலிருந்த பாக்கெட்டைத் திரும்ப வைத்தார். இன்னொருவர், "இதையும் அளந்து பாருங்க சார்" என்று தன் அதிரசத்தை நீட்டினார்.

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. "சரிம்மா, சரிம்மா. வாராவாரம் கொண்டாங்க. ஒரே ஒரு கண்டிசன், சார் கடைப் பக்கம் வரக்கூடாது."

திரும்பி வரும்போது பாடி மேம்பாலத்தைத் தாண்டினோம். பின்சீட்டிலிருந்து அக்கா மெதுவாகக் கேட்டார்: "இன்னாங்க, அங்க என் கையப் பத்தி இன்னமோ சொன்னீங்களே?"

"யாவாரத்துக்காகச் சொன்னது" என்றார் சார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

"அவ்ளோதானா?"

சார் கொஞ்ச நேரம் லாரிகளை எண்ணுவது போல் பாவனை செய்தார். பிறகு, "நெசமாத்தான் சொன்னேன்" என்றார்.

"லாரி சத்தத்துல கேக்கல. இன்னொரு தபா சொல்லுங்க."

எனக்கு அந்த மனுஷனை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. காரை ஓரங்கட்டி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இன்ஜினை அணைத்தேன்.