பல் டாக்டர் போட்ட பாட்டு

"வாயை இன்னும் கொஞ்சம் பெருசா திறங்க" என்றார் பல் டாக்டர். நாற்காலியில் சாய்ந்திருந்த தையல்காரர் திறக்கத்தான் செய்தார். ஆனால் அவரைவிடப் பெரிதாக வெளியே யாரோ வாயைத் திறந்தார்கள்.

"நடக்கவே நடக்காதுங்கிறேன்!"

"ஏன் நடக்காது? மனசு வச்சா நடக்கும்!"

டாக்டர் ஊசியோடு அப்படியே நின்றார். எல்லாம் காலையில் அவர் ஒலிபெருக்கியில் போட்ட பாட்டால் வந்தது. யோசனை மனைவியுடையது. காத்திருக்கும் அறையில் தினமும் டோக்கன் சண்டை. பல்வலிக்காரர்களுக்குப் பொறுமை இருக்காது. 'ஒரு நல்ல பாட்டாப் போட்டு விடுங்க, மனசு இளகும்' என்றாள். டாக்டரும் தேடிப்பிடித்து ஒரு சமாதானப் பாட்டைப் போட்டார். வாசலுக்குப் பூட்டில்லை, வயலுக்கு வேலியில்லை, படைதிரட்டப் பகைவன் இல்லை என்று ஒரு பெண்குரல் குழைந்து குழைந்து பாடியது. கேட்கும்போது அவருக்கே கண் கலங்கியது.

டோக்கன் சண்டை நிஜமாகவே நின்றுவிட்டது. பாட்டுச் சண்டை ஆரம்பித்திருந்தது.

தையல்காரருக்கு மரத்துப்போகும் ஊசியைப் போட்டுவிட்டு டாக்டர் வெளியே எட்டிப் பார்த்தார். வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பூட்டுக்கடைக்காரர் எழுந்து நின்றிருந்தார்.

"வாசலுக்குப் பூட்டே வேணாம்னா நான் என்ன பண்றது டீச்சர்? எங்கப்பா காலத்துலேருந்து பூட்டு விக்கிறோம்!"

"திருடனே இல்லாதப்ப பூட்டு எதுக்கு சார்?" ரூட் கெனாலுக்கு வந்திருந்த டீச்சர் விடவில்லை.

"பூட்டு இல்லேன்னா திருடன் தானா வருவான்!"

மூலையில் பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த பட்டாளத்துக்காரர் அவசரமாக அதை எடுத்து மாட்டிக்கொண்டார். பேச அது தேவைப்பட்டது.

"பகைவனே இல்லையாமே! இருபத்திரண்டு வருஷம் பனியில நின்னவன் நான். அப்ப நான் யாருக்காக நின்னேன்? சும்மா காத்து வாங்கவா?"

டாக்டர் மரியாதையாகப் பாட்டை நிறுத்தினார்.

"ஏன் நிறுத்தினீங்க?" டீச்சர் திரும்பினார். "அவங்க பக்கம் சேர்ந்துட்டீங்களா?"

"ஐயோ, நான் யார் பக்கமும் இல்லை டீச்சர்."

"யார் பக்கமும் இல்லாதவங்களாலதான் உலகம் இப்படி இருக்கு!"

மறுபடி போட்டார், சத்தத்தைக் குறைத்து. அது இன்னும் வம்பாகப் போனது. காதில் சரியாக விழாததால் மூன்று பேரும் ஒலிபெருக்கியை ஒட்டி வந்து நின்றுகொண்டார்கள். அதுவரை பாட்டோடு பொதுவாகச் சண்டை போட்டவர்கள் இப்போது ஒவ்வொரு வரியாகப் பிரித்து மேய ஆரம்பித்தார்கள்.

"'எல்லாரும் ஒரே தட்டில் உண்போம்'னு வருது. இந்த வீங்கின வாயை வச்சுக்கிட்டு நான் எங்க உண்ணுறது?"

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றது சார்!"

"பேச்சுக்குன்னா நடக்காதுன்னுதானே அர்த்தம்? நீங்களே ஒத்துக்கிட்டீங்க!"

டாக்டர் தப்பித்து உள்ளே வந்தார். பின்னாலேயே மூவரும் வந்துவிட்டார்கள். நாற்காலியில் கிடந்தவரிடமே நியாயம் கேட்டார் பட்டாளத்துக்காரர்.

"நீங்க சொல்லுங்கய்யா, சண்டையே இல்லாத உலகம் வருமா?"

தையல்காரருக்குப் பாதி முகம் மரத்திருந்தது, மீதி வாயில் பஞ்சு. "ஆ... ஆ..." என்றார்.

"ஆமாங்கிறார்!" டீச்சர் கைதட்டினார்.

"ஆகாதுங்கிறார்! காது கேக்கலையா?" என்றார் பூட்டுக்கடைக்காரர்.

தையல்காரர் பதறி இரண்டு கைகளையும் ஆட்டினார். ஒரு கையை ஒரு கட்சியும் இன்னொரு கையை இன்னொரு கட்சியும் எடுத்துக்கொண்டன.

"சரி, நீங்க படிச்சவர்" என்று டீச்சர் டாக்டரை மடக்கினார். "நீங்க சொல்லுங்க. அந்த உலகம் வருமா, வராதா?"

மூன்று முகங்களும், அதில் ஒரு வீங்கிய கன்னமும் டாக்டரையே பார்த்தன. வரும் என்றால் இரண்டு பேர் போய்விடுவார்கள். வராது என்றால் டீச்சர் போய்விடுவார். அவருக்கு இன்னும் இரண்டு தடவை சிகிச்சை பாக்கி. எல்லாருக்கும் நல்லவராக ஒரு பதிலைக் கண்டுபிடித்தார்.

"கண்டிப்பா வரும். ஆனா கொஞ்ச நாளாகும்."

பட்டாளத்துக்காரர் பல்செட் ஆட ஆட அவரை உற்றுப் பார்த்தார். "இந்தப் பல்செட்டு சரியாகிறதுக்கும் இதையேதானே மூணு மாசமா சொல்றீங்க?"

"என் கடவாய்ப் பல்லுக்கும் அதேதான்" என்றார் பூட்டுக்கடைக்காரர், கொஞ்சம் ஆச்சரியமாக.

"என்கிட்டயும் அதையேதான் சொன்னார்" என்றார் டீச்சர், டாக்டரை விட்டுவிட்டு மற்ற இருவரையும் பார்த்துத் தலையை ஆட்டியபடி.

"எல்லாரும் கொஞ்சம் வெளியில உக்காருங்க, ப்ளீஸ்" என்று டாக்டர் கதவைச் சாத்தினார். தையல்காரரின் பல்லைக் கவனித்தார். வெளியே முதலில் முணுமுணுப்பு கேட்டது. அப்புறம் ஒரு சிரிப்பு. பிறகு சத்தமே இல்லை. பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

வேலையை முடித்துக் கதவைத் திறந்தவர் அசந்துபோனார். வாசல் கண்ணாடிக் கதவுக்கு அப்பால், தூறலில், மூவரும் ஒரே குடையின் கீழ் நின்றிருந்தார்கள். குடையைப் பட்டாளத்துக்காரர் பிடித்திருந்தார், டீச்சரின் பை பூட்டுக்கடைக்காரர் தோளில் தொங்கியது. ஆட்டோ வந்ததும் 'நீங்க முதல்ல', 'இல்லை, நீங்க முதல்ல' என்று ஒருவரை ஒருவர் உபசரித்து ஏறினார்கள்.

டாக்டர் உடனே மனைவிக்குப் போன் போட்டார். "நீ சொன்னது சரிதாம்மா. வேலை செஞ்சிடுச்சு! என் கண்ணாலேயே பார்த்தேன். இந்தப் பாட்டுல சொல்ற உலகம் வரும்மா, நிஜமாவே வரும்!"

டோக்கன் கொடுக்கும் அக்கா மேசையில் கிடந்த மூன்று டோக்கன்களையும் எடுத்துப் பெட்டியில் போட்டார்.

"வரும் தம்பி, ஆனா அவங்க திரும்பி வரமாட்டாங்க. மூணு பேரும் ஒண்ணா சேர்ந்து பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கிற பல் டாக்டர்கிட்ட போறாங்க. அங்க பாட்டே போடறதில்லையாம்."