கை கழுவிய மிஸியும் என் லயத்துக் காம்பராவும்

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து,
ஆடி மாதம், 1961

றொசல்லயில் இருக்கும் அன்பு மச்சான் சோலைமலை அவர்களுக்கு, லிந்துலை அழகுமுத்து எழுதிக்கொண்டது. முதலில் என் எழுத்தை மன்னிக்கவும். போன வருஷம்தான் இரவுப் பள்ளியில் கற்றது. ஒவ்வொரு எழுத்தும் பூசணிக்காய் அளவில் வருகிறது. வரிக்கு நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறது. நான் சுகம். இதை உபசாரத்துக்குச் சொல்லவில்லை. நான் செத்துப்போனதாக உங்களுக்குத் தந்தி வந்திருக்கும். அது பிழை. மாலை வாங்கியிருந்தால் சாமிக்குப் போட்டுவிடுங்கள்.

நடந்தது இதுதான். எனக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டதால் இங்கே கொண்டுவந்து, நோய் வருத்தம் முற்றியவர்களைப் போடும் வார்டில் படுக்கவைத்து, ரப்பர்க் குழாய் ஒன்றை ஏற்றி, அதன் மறுமுனையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கும் போத்தலில் விட்டிருக்கிறார்கள். அந்தக் குழாய்க்கு இந்த வார்டு நர்ஸ் ஐவி மிஸி காட்டும் மரியாதை தோட்டத்துத் துரைக்குக்கூடக் கிடைக்காது. கை கழுவாமல் தொடமாட்டார். தொட்ட பிறகும் கழுவுவார். அந்தப் பூரிப்பில் மகள் பூரணிக்கு நானே ஒரு தபால் அட்டை எழுதினேன். “மிஸி என்னைத் தொடும் முன் கை கழுவுகிறார்” என்று எழுதத்தான் நினைத்தேன். என் எழுத்து பெரிது, அட்டை சின்னது. ஆகவே சுருக்கி, “மிஸி என்னைக் கைகழுவிவிட்டார்” என்று போட்டேன்.

தோட்டத்து வரிசை வீட்டில் என் அறைக்கு அடுத்த காம்பரா செல்லசாமி அதை லயத்து வாசலில் நின்று உரக்க வாசித்திருக்கிறான். மதியத்துக்குள் நான் செத்தே போனேன். உங்களுக்குத் தந்தி, எனக்குக் கோடித்துணி, மேளத்துக்கு ஆள் எல்லாம் தயாராகி, தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கையாவும் பதிவில் என் பேரை வெட்டி என் காம்பராவை வேறு ஒருவனுக்குத் தருவதாகச் சொல்லி, பூரணி ஒரு பஸ் நிறைய சனத்தோடு வார்டுக்குள் புகுந்து, கண் திறந்திருந்த என்னைப் பார்த்து, “இன்னும் உசிரு இருக்கு!” என்று கத்திக்கொண்டே, என்னை வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று போத்தலைத் தூக்கி என் நெஞ்சில் வைத்தாள்.

மிஸி ஓடிவந்தார். “போத்தலைக் கீழ வை! மேல தூக்கினா வெளிய வந்த தண்ணி திரும்ப உள்ள போகும். கிருமியும் கூடப் போகும். காய்ச்சல் வந்துரும்!”

“சாகப்போற மனுசனுக்குக் காய்ச்சல் வந்தா என்னங்க மிஸி?”

“யாரு சாகப்போறா?”

“நீங்கதானே எங்கப்பாவக் கை கழுவிட்டீங்க!”

“பின்ன, கழுவாமத் தொடச் சொல்றியா? ஒரு நாளைக்கு நூறு தரம் கழுவுறேன்!”

“நூறு தரமா!” என்று பூரணி வைத்த ஒப்பாரியில், பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து, “என்னையும் கழுவிட்டாங்களா?” என்று நடுங்கினார்.

கடைசியில் அட்டையை வாங்கி வாசித்த மிஸி, சிரிப்பை விழுங்கிக்கொண்டு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு நிறுத்துவது போல எல்லோரையும் வரிசையாக நிறுத்திச் சோப்பைக் கொடுத்தார். “அழுறதுன்னா அழுங்க. ஆனா போத்தல் கீழயே இருக்கணும், குழாய் மடங்கக் கூடாது, கழுவாத கை அதுல படக் கூடாது.” மேளக்காரரும் முழங்கைவரை கழுவினார்.

காய்ச்சல் வராவிட்டால் சனிக்கிழமை குழாயை எடுத்துவிடுவார்கள். தேவை முடிந்தபின் அது ஒரு நாள்கூட உள்ளே இருக்கக் கூடாதாம். ஆனால் எடுத்த பிறகு நான் எங்கே போவது? அந்தக் காம்பரா போனால் எனக்கு வேறு கூரை இல்லை, மச்சான். கண்டாக்கையா உங்கள் பேச்சைக் கேட்பார். உடனே லிந்துலைக்குப் போய், அழகுமுத்து உயிரோடு இருக்கிறான், காம்பராவை விடவேமாட்டான் என்று அடித்துச் சொல்லுங்கள்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் மாரியம்மன் துணையிருப்பாள். அடுத்த கிழமை என் காம்பராவில் இருந்தே எழுதுவேன். அதுவரை யாரும் அழ வேண்டாம்.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் அழகுமுத்து

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் நல்ல செய்தி வந்தது. நான் வரும்போது தூசி இருக்கக் கூடாது என்று பூரணி காம்பராவை மூலைமுடுக்கெல்லாம் தன் கையாலேயே கழுவிவிட்டாளாம். கண்டாக்கையாவின் மனமும் குளிரட்டும் என்று அவருக்கு நேரே ஒரு அட்டை போட்டுவிட்டேன். மிஸியைத் தொந்தரவு செய்யாமல் நானே எழுதினேன்: “ஐயா, காம்பராவைக் கைகழுவிவிட்டோம். அழகுமுத்து.” இந்த முறை அட்டையில் இடமும் மிச்சம்.