தவளைக்கும் கோழிக்கும் இடையே ஒரு நடுவர்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கைப்பிடித்தவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே உடம்பைப் பொறுத்தவரை எல்லோரும் சௌக்கியம். மனதைப் பொறுத்தவரை இந்த வீட்டில் சௌக்கியமாக இருப்பது ஃபிரிட்ஜ் ஒன்றுதான், அதுவும் அவ்வப்போது முனகுகிறது. உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, அக்காவின் தோள்வலி தேவலையா என்று தெரிந்துகொள்ள மிகவும் ஆசை.

போன வாரம் போனில், "என்ன வாத்தியாரே, தங்கச்சி குரலே சரியில்லையே, வீட்ல என்ன நடக்குது?" என்று கேட்டீர்கள். நான் மழை வரும் போலிருக்கிறது என்று பதில் சொன்னேன். எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். காது நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் தங்கை எதிரில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையில் கத்தி. அதனால்தான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படியுங்கள், முதலிலிருந்து வருகிறேன்.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு உங்கள் தங்கை எழுந்து நடக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள் அல்லவா? உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண், "அம்மாவுக்குப் பிடிச்ச மாதிரி ஏதாவது விளையாட்டு வாங்கிக் கொடுங்க, தானா எழுந்து நிப்பாங்க" என்றாள். நம் மகள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னார்கள் என்று, டிவியோடு சேர்த்து மாட்டும் ஒரு வீடியோ கேம் பெட்டியை வாங்கி வந்தாள். அதில் ஒரு தவளை. தோளில் தபால் பை மாட்டிய பச்சைத் தவளை. அது குளம் குளமாகத் தாவிக் கடிதம் கொடுக்கும். நாம் கையில் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு அது தாவும்போது எழ வேண்டும், அது இறங்கும்போது உட்கார வேண்டும். ஒரே மாதத்தில் முழங்கால் சரியாகிவிட்டது, மனுஷி கெட்டுவிட்டாள். தவளைக்குச் சளி பிடிக்கிற கட்டம் ஒன்று வரும். அன்று வீட்டில் சமையல் கிடையாது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நம் மாப்பிள்ளை. லிஃப்ட் மெக்கானிக், தங்கமான பையன், ஆனால் மகள் தானாகத் தேர்ந்தெடுத்த பையன் என்பதால் உங்கள் தங்கைக்கு அவர்மேல் இருந்த கோபம் உங்களுக்குத் தெரியாததல்ல. எங்களோடு குடிவந்த பிறகும் அவரிடம் அவள் பேசியது "சாப்பாடு இருக்கு", "கதவு திறந்திருக்கு" என்ற அளவில்தான். மற்றதெல்லாம் என் வழியாகத்தான் போகும். ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, "உப்பு வேணுமான்னு கேளுங்க" என்பாள். நான் கேட்பேன். அவர் வேண்டாம் என்பார். நான் வேண்டாமாம் என்பேன். வகுப்பில் பேசாத பிள்ளைகளைப் பேசவைத்தே காலத்தை ஓட்டியவன், இந்த இரண்டு பேரிடம் தோற்றுப்போனேன்.

அந்த மாப்பிள்ளை சின்ன வயதிலிருந்து ஒரு கோழியின் பக்தர். ஹெல்மெட் போட்ட கோழி. அது வேறொரு கம்பெனியின் கோழி, வேறொரு ஆட்டம். தவளைக் கம்பெனிக்கும் கோழிக் கம்பெனிக்கும் ஜென்மப் பகை. உங்களுக்குப் புரிகிற மாதிரி ஓர் உதாரணம் சொல்கிறேன். நீங்கள் டிக்கெட் பரிசோதகராக இருந்த பஸ் கம்பெனியும், அதே பாதையில் ஓடிய எதிர்க்கம்பெனியும் ஒரே பயணிக்காக எப்படி அடித்துக்கொண்டன? திடீரென்று ஒருநாள் இரண்டு முதலாளிகளும் ஒரே பஸ்ஸில், ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க இன்னொருவர் விசில் ஊத, சிரித்துக்கொண்டே வந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது. இரண்டு கம்பெனியும் சேர்ந்து ஒரு புதிய ஆட்டம் கொண்டுவருவதாக அறிவித்தன. ஓட்டம், நீச்சல், வட்டெறிதல், படகு, தொடர் ஓட்டம் என்று எல்லா விளையாட்டும் உண்டு. தவளையும் கோழியும் ஒரே அணி.

அந்தச் செய்தி வந்தபோது மாப்பிள்ளை வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கை முழுக்கக் கிரீஸ். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக ஹாலுக்குள் வந்து, "அத்தை! உங்க தவளை நீச்சல்ல வருது!" என்று கத்தினார். உங்கள் தங்கை எழுந்து நின்றுவிட்டாள். "அப்படியா மாப்பிள்ளை? உங்க கோழி என்ன பண்ணப்போகுது?" "வட்டு எறியுது அத்தை." "ஐயோ பாவம், அதுக்குக் கையே கிடையாதே!" "இறக்கையாலதான் எறியும், நீங்க வந்து பாருங்க." மச்சான், நான் சமையலறை வாசலில் காப்பித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். காப்பி ஆறிப்போனது தெரியவில்லை. மாப்பிள்ளை என்று அவள் வாயால் சொன்னதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

அதற்குப் பிறகு இந்த வீடு வீடாக இருந்தது. சாயங்காலமானால் இரண்டு பேரும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தின் முன்னோட்ட வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். தடை தாண்டும் இடத்தில் ஒரு நிழல் போகும். அது பன்றியா, பூனையா என்பதில் அவர்களுக்குள் பெரிய ஆராய்ச்சி. "அந்த வாலைப் பாருங்க மாப்பிள்ளை, பூனைக்கு இப்படியா இருக்கும்?" "நிறுத்திப் பாருங்க அத்தை, அது வாலே இல்ல, ஷூ லேஸ்." மகள் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தால், அவள் கணவர் படகு ஓட்டும் பயிற்சிக்காகத் தரையில் துடைப்பத்தோடு உட்கார்ந்திருக்கிறார், அவள் அம்மா பின்னால் தரை துடைக்கும் கட்டையோடு உட்கார்ந்து, "இழுங்க, இழுங்க, கரை தெரியுது" என்கிறாள். கீழ்வீட்டு ஆடிட்டர் மேலே வந்து, "என்ன சார், யானை ஏதும் வளக்கிறீங்களா?" என்றார். உங்கள் தங்கை மூச்சு வாங்கிக்கொண்டே, "இல்லீங்க, நீளம் தாண்டுதல்" என்றாள். அவர் வந்த வழியே இறங்கிப் போய்விட்டார்.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

ஆட்டத்தை முன்பதிவு செய்பவர்களுக்கு ஒரு பரிசு என்றார்கள். தவளைக்குத் தங்கப் பை, அல்லது கோழிக்குத் தங்க ஹெல்மெட். ஏதாவது ஒன்றுதான். மாப்பிள்ளை, "அத்தைக்குத்தான் மாமா, பையையே வாங்கிடுங்க" என்றார். உங்கள் தங்கை, "சின்ன வயசுலேர்ந்து ஆடுறவர் அவரு, ஹெல்மெட்டே இருக்கட்டும்" என்றாள். இரண்டு நாள் இந்த உபசரிப்பு நடந்தது. கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்த நெஞ்சோடு அறையில் போய் உட்கார்ந்திருக்க வேண்டியவன், "நியாயமா ஒரு போட்டி வச்சு முடிவு பண்ணிடலாமே" என்று வாயை விட்டேன். பள்ளி விளையாட்டு விழாவில் எத்தனை வருடம் கோட்டுக்குப் பக்கத்தில் கொடியோடு நின்றிருக்கிறேன்! பழக்கம், மச்சான். பழைய விசிலைத் தேடி எடுத்தேன். பால்கனியில் சாக்பீஸால் ஒரு கோடு, சமையலறை வாசலில் ஒரு கோடு. வாயில் கரண்டி, கரண்டியில் எலுமிச்சம்பழம். நான் நடுவர்.

ஓடினார்கள். உங்கள் தங்கை முதலில் வந்தாள். புது முழங்காலோடு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அப்படி ஒரு ஓட்டம். மாப்பிள்ளை கைதட்டினார், மகள் கைதட்டினாள். நான் மட்டும் விசிலை ஊதி, "செல்லாது" என்றேன்.

"ஏன் செல்லாது?" என்றாள்.

"சாப்பாட்டு மேஜை பக்கத்துல வரும்போது பழத்தைக் கையால பிடிச்சே. நான் பாத்தேன்."

"பட்டிருக்கும் மாமா, விடுங்க. அத்தைதான் ஜெயிச்சாங்க" என்றார் மாப்பிள்ளை.

மச்சான், அப்போதும் ஆண்டவன் எனக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்தார். நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நடுவர் பாரபட்சமாக இருக்கக்கூடாது, ஒருவருக்குத் தண்டனை கொடுத்தால் இன்னொருவரின் தவறையும் சொல்ல வேண்டும் என்று நினைத்து, "உங்களுக்கும் மார்க் கிடையாது மாப்பிள்ளை. நீங்க வேணும்னே மெதுவா வந்தீங்க. ஒரு உதாரணம் சொல்றேன், நல்லாப் படிக்கிற பையன் பக்கத்துப் பையனுக்காகத் தப்பா விடை எழுதினா அதுவும் ஒரு வகைக் காப்பிதான்" என்றேன்.

உங்கள் தங்கை கரண்டியை மேஜையில் வைத்தாள். "மெதுவாவா வந்தாரு?" என்று என்னைக் கேட்டாள். பிறகு மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்து, "என்னை நொண்டின்னு நெனச்சா விட்டுக்கொடுத்தீங்க?" என்றாள். "ஐயோ அத்தை, அப்படியில்ல..." என்றார் அவர். அதற்குமேல் என்ன சொல்வார்? அவர் விட்டுக்கொடுத்தது உண்மை. அவள் பழத்தைப் பிடித்ததும் உண்மை. இரண்டு உண்மையையும் சபையில் போட்டு உடைத்தவன் நான். இரண்டு பேரும் இரண்டு அறைக்குப் போய்விட்டார்கள். எலுமிச்சம்பழம் உருண்டுபோய் ஃபிரிட்ஜுக்கு அடியில் கிடந்தது. குனிந்து எடுத்தவனும் நான்தான்.

மகள், "அப்பா, ஆஸ்பத்திரியில கோமாவுல கெடக்கிறவங்களைக்கூட நான் பேசவச்சிருக்கேன். எங்கம்மாவை இவர்கிட்டப் பேசவைக்க முடியல. அந்தத் தவளை பேசவச்சுது. அதையும் விசில் ஊதிக் கெடுத்துட்டீங்களே!" என்றாள்.

இப்போது நிலைமை பழையதைவிட மோசம். பழைய நாளில் உப்பு மட்டும்தான் என் வழியாகப் போகும். இப்போது பகையும் என் வழியாகப் போகிறது. "கோழி தண்ணியில விழுந்தா முழுகிடும்னு சொல்லுங்க அவர்கிட்ட." நான் சொல்வேன். "தவளை வெயில்ல ஓடினா காஞ்சிடும்னு சொல்லுங்க மாமா." அதையும் சொல்வேன். சமாதானத்துக்காக இரண்டு பேருக்கும் கைப்பட நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன். ஒன்று ஊறுகாய் ஜாடிக்கு மூடியாக இருக்கிறது. இன்னொன்று ஆடுகிற கட்டிலுக்கு அடியில் முட்டுக்கொடுத்திருக்கிறது. நீங்கள் போன் செய்த அன்று காலையில் மாப்பிள்ளை தயங்கித் தயங்கி வந்து, "மாமா, வேலை பாக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே ஒரு வீடு காலியாகுது. போய்ப் பாக்கலாம்னு இருக்கோம்" என்றார். மகள் அவருக்குப் பின்னால் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் தங்கைக்குக் கேட்டது. குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள். போனில் நீங்கள் கேட்ட குரல் அதற்குப் பிந்திய குரல், மச்சான்.

எனக்கு மிச்சமிருப்பது ஒரே நம்பிக்கை. அந்த ஆட்டம் இந்த மாதக் கடைசியில் வந்துவிடும். அதில் தொடர் ஓட்டத்தில் தவளை ஓடிவந்து கோழியின் இறக்கையில்தான் தடியைக் கொடுக்க வேண்டும். வேறு யாருக்கும் கொடுக்க முடியாது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆகவே இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்தே தீர வேண்டும். பிள்ளைகள் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதைப் பார்த்துச் சிரித்தவன் நான். இப்போது நான் காத்திருக்கிறேன், சோறு இறங்கவில்லை. அதுவரை அந்த வீட்டை அவர்கள் போய்ப் பார்க்காமல் இருக்க வேண்டும். ஆகையால் நீங்கள் இந்தக் கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வரவேண்டும். உங்கள் தங்கை உங்கள் பேச்சைத்தான் கேட்பாள். வர முடியாவிட்டால் உங்கள் வீட்டில் ஒரு மூலையில் எனக்குப் பாய் விரித்து வையுங்கள். நான் எதற்கும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லாச் செல்வமும் பெற்று, எந்த விளையாட்டிலும் சேராமல் நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் பாசத்துக்கு ஏங்கும்,
வாத்தியார்

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டப்போகிற நேரத்தில் ஹாலில் அலறல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் டிவியில் அறிவிப்பு. அந்த ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. புதுத் தேதியும் சொல்லவில்லை. என் உயிர் அங்கேயே போய்விட்டது. மாப்பிள்ளை தலையில் சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு குளியலறையிலிருந்து ஓடிவந்தார். உங்கள் தங்கை கண்ணீரோடு அவரைப் பார்த்து, "பாத்தீங்களா மாப்பிள்ளை இந்த அநியாயத்தை! நம்மள என்னன்னு நெனச்சுட்டாங்க!" என்றாள். "அழாதீங்க அத்தை, நாம சும்மா விடக்கூடாது" என்று சோபாவில் உட்கார்ந்தார். நுரை சோபாவில் வழிகிறது, அவள் தன் முந்தானையால் துடைக்கிறாள். இரண்டு கம்பெனிக்கும் சேர்த்து ஒரே புகார்க் கடிதம் தயாராகிறது. நடுவில் அவள், "அது வர்ற வரைக்கும் எங்கயும் போகாதீங்க. தனியா உக்காந்து எப்படிக் காத்திருக்கிறது?" என்றாள். மாப்பிள்ளை போனை எடுத்து அந்த வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆகவே மேலே எழுதியது எல்லாவற்றையும் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். நீங்கள் வரவேண்டாம். பாயும் வேண்டாம். முடிந்தால் அந்த ஆட்டம் என் காலத்தில் வராமலிருக்க ஒரு வேண்டுதல் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இரண்டு பேரும் ஒரே குரலில் என்னைக் கூப்பிடுகிறார்கள், எழுதிய புகாரில் தப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது, மச்சான், முதல் வரியிலேயே மூன்று பிழை. ஒன்றுகூட இல்லை என்று சொல்லிவிட்டு வருகிறேன்.